காயத்துக்குள் என்ன நடக்கிறது? கட்டு மாற்றும்போது கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் செவிலியர். கவாத்துக் கத்தி நழுவிய கை, கொழுந்து வெட்டும் கத்தரியில் மாட்டிய விரல், கேரட் தோட்டத்தில் மண்வெட்டி பட்ட கால், மழைக்காலமானால் அட்டைக்கடி என்று தினமும் ஏதாவது காயம் வந்துவிடும். பழைய கட்டைப் பிரித்துப் புதுக்கட்டுப் போடும் அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஏன் வீங்குது சிஸ்டர், ஏன் தண்ணியா வடியுது, எதைப் பூசலாம், எப்ப ஆறும்?

மருந்துதான் புண்ணை ஆற்றுகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். ஆற்றுவது உங்கள் ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களும், தோலுக்குள்ளேயே குடியிருக்கும் அவற்றின் சொந்தக்காரச் செல்களும்தான். அவை என்ன செய்கின்றன என்று தெரிந்தால், புண்ணை நாம் பார்த்துக்கொள்ளும் விதமே மாறிவிடும். அதற்காகத்தான் இந்தக் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வெட்டுப்பட்டதும் முதலில் என்ன நடக்கிறது?

ரத்தக் குழாய் சுருங்குகிறது. ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் வெட்டுவாயில் ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற நூல் வலை பின்னுகிறது. சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிடும். சுத்தமான துணியை வைத்து விடாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். "நின்னுடுச்சா?" என்று அரை நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தால் அந்த வலை ஒவ்வொரு தரமும் பிய்ந்துபோகும்.

அடைப்பதோடு தட்டணுக்கள் நின்றுவிடுவதில்லை. உள்ளே இருக்கும் வேதிப் பொருள்களை வெளியே கொட்டி, 'இங்கே உடைந்திருக்கிறது, ஆள் வேண்டும்' என்று சேதி அனுப்புகின்றன. தோலில் ஏற்கெனவே இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப் பொருளை விடுகின்றன. சுருங்கிய குழாய்கள் இப்போது விரிந்து, கசிய ஆரம்பிக்கும். அந்தக் கசிவு வழியாகத்தான் வெள்ளையணுக்கள் இறங்கி வருகின்றன.

மறுநாள் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது. கிருமி தொற்றிவிட்டதா?

முதல் இரண்டு மூன்று நாள் என்றால் பெரும்பாலும் இல்லை. குழாய் விரிந்ததால் சிவப்பும் சூடும். திரவம் கசிந்ததால் வீக்கம். நரம்பு நுனிகளை வேதிப் பொருள்கள் உசுப்பிவிடுவதால் வலி. இந்த நான்கும் சேர்ந்ததுதான் அழற்சி. உடம்பு வேலையைத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம்.

முதலில் வந்து சேருகிறவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. வெட்டுப்பட்ட சில மணி நேரத்துக்குள் அவை குழாயின் சுவரைப் பிதுங்கிக் கடந்து காயத்துக்குள் இறங்குகின்றன. ஒன்றிரண்டு நாளில் அவற்றின் கூட்டம் உச்சத்தை அடையும். கிருமியை விழுங்குவது ஒரு வழி. கிருமியைக் கொல்லும் பொருள்களைச் சுற்றிலும் கொட்டுவது இன்னொன்று. மூன்றாவது, தன் சொந்த டிஎன்ஏ இழைகளையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்க வைப்பது. இந்த வலையை விஞ்ஞானிகள் கண்டு சொன்னது 2004இல்தான்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு சிவப்பும் வலியும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அது வேறு கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளையணு கிருமியைத் தின்னும் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தோட்டத்து முள் குத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் எப்போதும் சொல்வேன், ஏனென்றால் இதுவும் ஒரு முள்ளில்தான் தொடங்கியது. 1882இல் எலீ மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் இத்தாலியின் மெஸ்ஸினாவில் இருந்தார். நட்சத்திர மீனின் இளம்புழு கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியது. அதன் உடம்பில் ஒரு ரோஜா முள்ளைக் குத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தார். ஊர்ந்து நகரும் செல்கள் அந்த முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கி உடம்பைக் காக்கும் செல்கள் உண்டு என்ற எண்ணத்துக்கு அதுவே அடித்தளம். 1908இல் பால் எர்லிக்குடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் விரலில் முறிந்து தங்கிய முள்ளைச் சுற்றிக் கட்டி வருவதும் இதே காரணத்தால்தான். முள் உள்ளே இருக்கும் வரை செல்கள் அங்கிருந்து கலையாது. எடுத்துவிட்டால் இரண்டு நாளில் வீக்கம் வடியும்.

சீழ் என்பது என்ன?

பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோஃபில்கள். கூடவே செத்த கிருமிகள், கரைந்த திசு. நியூட்ரோஃபிலின் ஆயுள் குறைவு, வந்த வேலையை முடித்துவிட்டு அங்கேயே மடியும். கட்டில் ஒட்டியிருக்கும் தெளிந்த, லேசான மஞ்சள் நீரைப் பார்த்துப் பலரும் சீழ் என்று பயப்படுகிறார்கள். அது சீழ் இல்லை, ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த நீர். கெட்டியாக, கலங்கி, நாற்றத்தோடு வந்தால்தான் சீழ்.

கிருமியைக் கொன்றதும் வெள்ளையணுக்களின் வேலை முடிந்துவிடுமா?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய செல்கள் காயத்தில் நிறைகின்றன. தமிழில் பெருவிழுங்கி என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். முதலில் அவையும் கிருமியை விழுங்குகின்றன. அப்புறம் செத்துக் கிடக்கும் நியூட்ரோஃபில்களை ஒவ்வொன்றாகத் தின்று சுத்தம் செய்கின்றன. அப்படித் தின்னும்போதே அவற்றின் குணம் மாறுகிறது. அதுவரை 'தாக்கு' என்று சேதி அனுப்பிக்கொண்டிருந்தவை, 'கட்டு' என்று அனுப்பத் தொடங்குகின்றன. புது ரத்தக் குழாய் முளைக்க ஒரு சேதி, கொலாஜன் நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அழைக்க ஒரு சேதி, தோலின் ஓரச் செல்கள் நகர்ந்து வந்து மூட ஒரு சேதி. பழைய வீட்டை இடித்த ஆளே கொத்தனாரையும் கூப்பிட்டு வந்து நிறுத்துவதுபோல.

1975இல் கினிப் பன்றிகளில் ஒரு சோதனை செய்தார்கள். காயத்தில் மேக்ரோஃபேஜ்கள் இல்லாதபடி செய்துவிட்டார்கள். செத்த திசு அகலாமல் தங்கியது, நார் நெய்யும் செல்கள் தாமதித்து வந்தன, காயம் ஆறுவது தள்ளிப்போனது. நியூட்ரோஃபில்களை மட்டும் குறைத்துச் செய்த வேறொரு சோதனையில், கிருமியில்லாத காயம் வழக்கம்போலவே ஆறியது. ஆக, காயம் ஆறும் வேலைக்கு மேஸ்திரி மேக்ரோஃபேஜ்தான்.

தோலில் தங்கியிருக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்கும் பங்கு உண்டு. எலிகளின் மேல்தோலில் இருக்கும் ஒருவகை டி செல்கள், காயம் பட்டதும் தோல் செல்கள் பெருகுவதற்கான வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. அழற்சியை உரிய நேரத்தில் அடக்கும் வேறு டி செல்களும் இருக்கின்றன.

கட்டைப் பிரித்தால் சிவப்பாகச் சதை தெரிகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. பயப்பட வேண்டுமா?

சந்தோஷப்படுங்கள். போன மாதம் ஓர் அண்ணனுக்குப் பெருவிரல் அடியில் கவாத்துக் கத்தி ஆழமாகப் பட்டிருந்தது. ஓரத்துச் சதை கொஞ்சம் போய்விட்டதால் முழுவதையும் தைக்க முடியவில்லை. ஆறாம் நாள் கட்டை உப்புநீரில் நனைத்து மெல்ல எடுத்தேன். அடியில் மாதுளை முத்துகளை நெருக்கி வைத்ததுபோலச் சிவந்து, ஈரமாக, மேடும் பள்ளமுமாக இருந்தது. ஓரத்தில் நூல் அகலத்துக்கு வெளிர் ரோஜா நிறத்தில் புதுத்தோல் உள்ளே நகரத் தொடங்கியிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த ஒவ்வொரு முத்தும் புதிதாக முளைத்த ரத்தக் குழாய்களின் கொத்து. குழாய்ச் சுவர் இன்னும் மெல்லியது, அதனால்தான் தொட்டால் ரத்தம். இந்தச் சமயத்தில் காய்ந்த பஞ்சை வெடுக்கென்று பிய்த்தால் மூன்று நாள் வேலை வீணாகும். எப்போதும் நனைத்து எடுங்கள்.

காலில்தான் புண், ஆனால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதே?

தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்களும் அவற்றின் இனத்தவையும் கிருமியின் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாக அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே தங்கியிருக்கும் வெள்ளையணுக்களிடம் அதைக் காட்டுகின்றன. அதை அடையாளம் காணும் அணுக்கள் பெருகும்போது முடிச்சு வீங்கும். காலுக்குத் தொடை இடுக்கு, கைக்கு அக்குள். புண் ஆறினால் நெறியும் கரையும். அதைப் போட்டு உருவிவிடாதீர்கள்.

காப்பித்தூள், மஞ்சள், தேயிலைத்தூள், நீலகிரித் தைலம் போடலாமா?

திறந்த காயத்தில் வேண்டாம். காப்பித்தூளை அழுத்தினால் ரத்தம் நிற்பது உண்மைதான், ஆனால் நிறுத்தியது உங்கள் விரலின் அழுத்தம். தூள் உள்ளேயே தங்கிவிடும். மேக்ரோஃபேஜுக்கு அது முள் மாதிரிதான். கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டிய நேரத்தில் தூளைத் தின்றுகொண்டிருக்கும். நானும் அதை ஒவ்வொரு துணுக்காகக் கழுவி எடுக்க வேண்டும், உங்களுக்குத்தான் வலி. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு அழற்சியைக் குறைக்கும் தன்மை இருப்பதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அதற்காகச் சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கிய மருந்தாகிவிடாது.

நீலகிரித் தைலம் நம் மலையில் எல்லா வீட்டிலும் இருக்கும். சளிக்கு ஆவி பிடியுங்கள், இடுப்புக்குத் தேயுங்கள். புண்ணுக்குள் விட்டால் புதிதாக வந்த செல்களையே எரிச்சலூட்டும். தண்ணீர் கலக்காத டெட்டாலுக்கும், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றுவதற்கும் இதேதான் பதில். கிருமியோடு சேர்த்து உங்கள் ஆட்களையும் கொல்கிறீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீர், சோப்பு, சுத்தமான துணி, இவை போதும்.

புண்ணைக் காற்றாட விட்டுக் காய வைத்தால் சீக்கிரம் ஆறுமா?

ஆறாது. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரப்பதமாக வைத்த காயம் காற்றில் காய்ந்த காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் புதுத்தோல் மூடியதைக் காட்டினார். பொருக்குத் தட்டினால் தோல் செல்கள் அதற்கு அடியில் துளைத்துக்கொண்டு போக வேண்டும். ஈரமாக இருந்தால் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஈரம் என்றால் சொதசொதப்பு இல்லை. மழையில் ஊறிய கம்பூட்ஸுக்குள் நாள் முழுக்கக் கிடக்கும் புண் வெளுத்துப்போய் ஓரம் கரையும். அதுவும் கெடுதல்.

சர்க்கரை நோய் இருந்தால் புண் ஏன் ஆறுவதில்லை?

மேக்ரோஃபேஜ்கள் 'தாக்கு' என்பதிலிருந்து 'கட்டு' என்பதற்கு மாறுகின்றன என்றேன் அல்லவா? சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களின் காயத்தில் அந்த மாற்றம் நடக்காமல் முதல் கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அழற்சி வாரக்கணக்கில் தொடர்கிறது. நெய்யப்படும் நாரை அங்கே இருக்கும் நொதிகளே கரைத்துக்கொண்டிருக்கும். நியூட்ரோஃபில்களும் சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் மந்தமாகின்றன. சின்னக் குழாய்கள் குறுகிவிடுவதால் ஆட்கள் வந்து சேரும் பாதையும் அடைபட்டுப் போகிறது.

எல்லாவற்றையும்விட மோசம், கால் மரத்துப்போவது. மார்கழி, தை மாதத்து உறைபனி இரவுகளில் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்காருவோம். மரத்துப்போன கால் கங்குக்கு மிக அருகில் இருப்பது தெரியாது. ஒரு பாட்டி இப்படித்தான் வந்தார். உள்ளங்கால் கொப்புளத்தை அவர் கண்டதே இரண்டாம் நாள் சாக்ஸ் ஒட்டிக்கொண்டபோதுதான். வலித்திருந்தால் அன்றைக்கே காலை இழுத்திருப்பார். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். ஹாட் வாட்டர் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

மூட்டுவலிக்கோ வீசிங்குக்கோ நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் புண் தாமதமாகத்தான் ஆறும். அந்த மாத்திரை அழற்சியை அடக்கும்போது, கட்டுமான வேலையையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊட்டிக் குளிருக்குப் புண் ஆறத் தாமதமாகுமா?

ஆகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்தம் குறைந்தால் உயிர்வளியும் வெள்ளையணுக்களும் குறைவாகவே வந்து சேரும். கட்டுப் பிரித்த புண் சூடு தணிந்து மீண்டும் வேகம் எடுக்கவும் நேரமாகும். அதனால் கட்டுப் போட்ட கை கால்களை உலர்ந்த கம்பளியால் போர்த்தி வையுங்கள், தேவையில்லாமல் பிரித்துப் பார்க்காதீர்கள். பீடி, சிகரெட்டும் இதேபோலக் குழாயைச் சுருக்கும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று பற்றவைத்தால் புண்ணுக்கு இரண்டு அடி.

கணுக்காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை, சர்க்கரையும் இல்லை. வேறு காரணம் இருக்குமா?

இருக்கலாம். நரம்புச் சுருட்டல் ஒரு காரணம். நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது, அரிவாள் செல் நோய். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான் பதிவானது. வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் சின்னக் குழாய்களை அடைப்பதால் கணுக்காலைச் சுற்றி ஆறாத புண் வரும். குடும்பத்தில் யாருக்காவது ரத்தசோகை, அடிக்கடி எலும்புவலி என்று இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அட்டை கடித்தால் ரத்தம் நிற்பதே இல்லை, அப்புறம் நாள் கணக்கில் அரிக்கிறது. ஏன்?

அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாத பொருள்கள் இருக்கின்றன. அது விழுந்த பிறகும் அவை அங்கேயே இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் போதும். அரிப்பு, அந்த எச்சிலை அந்நியமாகப் பார்த்து மாஸ்ட் செல்கள் விடும் ஹிஸ்டமினால் வருவது. உப்பும் சுண்ணாம்பும் தீக்குச்சியும் வேண்டாம், அட்டை குடித்ததைக் கடிவாயிலேயே கக்கக்கூடும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தைச் செருகி நகர்த்துங்கள், விட்டுவிடும். சொறிந்து புண்ணாக்கி வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம்.

டிடி ஊசி கட்டாயமா? நாய், குரங்கு கடித்தால்?

ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் தொழுவுரத்திலும் இருக்கிறது. நம் காய்கறித் தோட்டங்களில் உரத்துக்குப் பஞ்சமில்லை. ஆழக் குத்திய காயத்தில் காற்றுப் படாத இடத்தில் அது வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சை வெள்ளையணுக்கள் விழுங்கித் தீர்க்க முடியாது, ஏற்கெனவே தயாராக இருக்கும் எதிர்ப்புரதம்தான் காப்பாற்றும். அதைத் தயார்செய்வதே தடுப்பூசி. 10 ஆண்டுக்கு ஒரு தடவை. மண் பட்ட காயமானால், கடைசி ஊசிக்கு 5 ஆண்டு கடந்திருந்தாலே போட்டுக்கொள்ளுங்கள்.

நாயோ குரங்கோ பூனையோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்கு வாருங்கள். வெறிநோய்ச் சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிலையம் குன்னூரில் 1907இலிருந்து இருக்கிற மலை இது. இங்கே இருந்துகொண்டு வெறிநோய் ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் மனது பதறுகிறது.

முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?

இந்தப் பத்தியம்தான் எனக்குப் பெரிய வருத்தம். கொலாஜன் ஒரு புரதம். வெள்ளையணுக்களும் புரதத்தால்தான் உருவாகின்றன. புண்ணோடு இருக்கிறவருக்கு முட்டையை நிறுத்தி வெறும் ரசம் சோறு கொடுத்தால் கொத்தனாரை வரவழைத்துவிட்டு செங்கல்லை மறைத்து வைப்பது மாதிரி. முட்டை, மீன், பருப்பு, பட்டாணி, அவரை எல்லாம் சாப்பிடலாம். கொலாஜன் நார் உறுதியாக முறுக்கேற வைட்டமின் சி தேவை, நெல்லிக்காயும் கொய்யாவும் நல்லது.

தழும்பு மறையுமா?

மங்கும், முழுதாக மறையாது. முதலில் அவசரத்துக்குப் போட்ட நாரைப் பிரித்து உறுதியான நாராக மாற்றி நெய்யும் வேலை ஒரு வருடத்துக்கு மேலும் நடக்கும். மூன்றாவது வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் சுமார் 20 சதவீதம்தான் இருக்கும், எத்தனை காலமானாலும் 80 சதவீதத்தைத் தாண்டாது. தையல் பிரித்த மறுநாளே தேயிலை மூட்டை தூக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். தாயின் வயிற்றில் ஆறு மாதத்துக்கு முன் சிசுவின் தோலில் படும் காயம் தழும்பே இல்லாமல் ஆறும். அங்கே அழற்சி மிகக் குறைவு.

எப்போது உடனே வர வேண்டும்?

மூன்று நாளுக்குப் பிறகும் வலி ஏறினால், நாற்றத்தோடு சீழ் வந்தால், குளிர்க்காய்ச்சல் அடித்தால், காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறினால், ஓரம் கறுத்தால், தாடை இறுகி வாய் திறக்கச் சிரமப்பட்டால் காத்திருக்காதீர்கள். சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். நாலைந்து மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், காலை முதல் பஸ்ஸுக்கு என்று இருக்காமல் ராத்திரியே ஜீப் பிடித்து வந்துவிடுங்கள். அந்தக் கோட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள், நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.